எட்டுக்கு நாலில் ஒரு ஜங்ஷன்

(திருச்சி உறையூரில் ஓர் அடுக்குமாடி வீடு. சார், ரயில்வே புக்கிங் கவுண்டரில் 34 வருஷம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். தச்சரை வரச் சொன்னது அம்மா. சமையலறை அலமாரிக் கதவின் கீல் ஆடுகிறது. வாசலிலேயே அவரை மடக்கி உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தியது சார்.)

தச்சர்: அலமாரி சமையலறையில் இருப்பதாக அல்லவா அம்மா சொன்னார்கள்?

சார்: அலமாரி எங்கே ஓடிவிடப் போகிறது தம்பி. எனக்கு ஒரு மேஜை வேண்டும். எட்டுக்கு நாலு அடி.

தச்சர்: முழு ப்ளைவுட்டா! சாப்பாட்டு மேஜையா சார்? பந்தியே போடலாம்.

சார்: சாப்பாடு இல்லை. (குரலைத் தாழ்த்தி) ரயில்.

தச்சர்: பேரனுக்கா?

சார்: எனக்கு.

(தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுக்கிறார். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மறுபடி காதிலேயே வைத்துக்கொள்கிறார்.)

சார்: சிரிக்காதே. 34 வருஷம் ஸ்டேஷனில்தான் இருந்தேன். என் கவுண்டர் ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. ரயில் முதுகுப் பக்கம். சத்தத்தைக் கேட்டே எது பாஸஞ்சர், எது கூட்ஸ் என்று சொல்வேன். நிம்மதியாக நின்று ஒரு ரயில் போவதைப் பார்த்ததில்லை.

தச்சர்: சரி, மேஜை மேல் என்னென்ன வரும்? அதற்குத் தக்கபடிதான் ரீப்பர்க் கட்டை அடிக்க முடியும்.

(சார் பீரோவுக்குப் பின்னாலிருந்து பழைய மாதக் காலண்டர் ஒன்றை எடுத்து விரிக்கிறார். பின்பக்கம் முழுக்கக் கோடு.)

சார்: இது திருச்சி ஜங்ஷன். இது பொன்மலை ஒர்க்‌ஷாப். இந்த மூலையில் பாம்பன் பாலம். அந்த மூலையில் ஊட்டி மலை.

தச்சர்: ராமேஸ்வரம் கோயில்?

சார்: அதற்குத்தான் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தச்சர்: பாம்பன் பாலம் எவ்வளவு நீளம் சார்?

சார்: இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதை அப்படியே வைக்க முடியுமா? 87-ஆல் வகுக்க வேண்டும். எச்ஓ ஸ்கேல் மாடல் ரயில் என்றால் அசலில் 87-ல் ஒரு பங்கு, அதுதான் கணக்கு.

தச்சர்: (செல்போனில் தட்டி) வகுத்தாலும் 23 மீட்டர் வருகிறது. மேஜை இரண்டரை மீட்டர்கூட இல்லை. மிச்சப் பாலத்துக்கு எதிர் பிளாட்காரரிடம் கேட்டுவிட்டீர்களா?

சார்: பாலத்தை அப்புறம் பார்க்கலாம்.

தச்சர்: ரயிலுக்கு எத்தனை பெட்டி?

சார்: 24. எக்ஸ்பிரஸ் என்றால் அந்தக் களை வேண்டாமா? ஒரு பெட்டி 24 சென்டிமீட்டர் சொச்சம்.

தச்சர்: ஒரு சாண். வளைவு?

சார்: 22 அங்குல ஆரம். மேஜை அகலம் 48, வளைவு 44. ஓரத்தில் இரண்டிரண்டு அங்குலம் மிச்சம்.

(தச்சர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துத் தரையில் எட்டுக்கு நாலு கட்டம் போடுகிறார். நடுவில் ஆணி, நூல், சுண்ணாம்பு. இரண்டு அரைவட்டம், இரண்டு நேர்கோடு. டேப்பை வளைத்து வளைத்து அளக்கிறார்.)

தச்சர்: ஒரு சுற்று 234 அங்குலம். உங்கள் 24 பெட்டியும் இன்ஜினும் சேர்த்து 240. இன்ஜின் போய்த் தன் வாலையே முட்டும்.

சார்: (யோசித்து) டிரைவரும் கார்டும் நேரிலேயே பேசிக்கொள்வார்கள். வாக்கி டாக்கி மிச்சம்.

தச்சர்: (இழைப்புளியை வளைகோட்டின் மேல் வைத்து) இதை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு வயிறு உள்பக்கம் தள்ளுகிறது, இரண்டு முனையும் வெளியே நீட்டுகிறது, பாருங்கள். அடுத்த பெட்டியோடு கொக்கி மாட்டினால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தடம் புரளும். பீரோவை மாடிப்படியில் திருப்புகிற கஷ்டம்தான்.

சார்: அப்படியானால் மூன்று பெட்டி பாஸஞ்சர். அப்புறம் நீளம் குறைந்த கூட்ஸ் வாகன்கள்.

(மூன்று என்று சொல்லும்போது சாரின் முகத்தைப் பார்த்தால் பிரமோஷன் கைநழுவிப் போன மாதிரி இருக்கிறது.)

தச்சர்: ஊட்டி மலை எங்கே ஏறுகிறது?

சார்: இதோ, இந்த லைனுக்கு மேலே பாலம் கட்டிக் கடக்கும். கீழே ஒரு ரயில், மேலே ஒரு ரயில்!

தச்சர்: கீழே போகிற ரயில் இடிக்காமல் இருக்க மூன்று அங்குலம், பாலத்துப் பலகைக்கு ஒரு அங்குலம். நான்கு அங்குலம் ஏற வேண்டும். வாட்டம் எவ்வளவு கொடுக்கலாம்?

சார்: நூற்றுக்கு இரண்டு. அதற்கு மேல் கொடுத்தால் சின்ன இன்ஜின் சக்கரம் வழுக்கும்.

தச்சர்: நான்கு அங்குலம் ஏற 200 அங்குலம். இறங்க இன்னொரு 200. சுற்றே 234தான் சார். ஏறி முடிக்கிற இடத்தில் மறுபடி புறப்பட்ட இடத்துக்கே வந்து குதிக்க வேண்டியதுதான்.

சார்: அசல் ஊட்டி ரயில் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறதே!

தச்சர்: நானும் பிள்ளைகளோடு போயிருக்கிறேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்பு போகிறது. இன்ஜின் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. உங்கள் இன்ஜினுக்குப் பல் இருக்கிறதா?

சார்: (ரப்பரால் ஊட்டியை அழித்தபடி) இல்லை.

தச்சர்: இந்தக் காது மாதிரி வளையம் எதற்கு?

சார்: போன ரயில் சுற்றிக்கொண்டு அதே லைனில் திரும்பி வருவதற்கு. நானே யோசித்தது.

(தச்சர் சிவப்பும் நீலமுமான இருமுனைப் பென்சிலை எடுக்கிறார். காலண்டரில் ஒரு தண்டவாளத்தைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் இழுத்துக்கொண்டே வளையத்தைச் சுற்றி வருகிறார். சுற்றி முடிந்த இடத்தில் சிவப்பு நீலத்தின் மேல் போய் நிற்கிறது.)

தச்சர்: கரண்ட் தண்டவாளம் வழியாகத்தானே வருகிறது?

சார்: 12 வோல்ட்தான். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ்... அடடா.

தச்சர்: ஷார்ட்.

சார்: வளையத்தின் இரண்டு முனையிலும் தண்டவாளத்தை வெட்டி இடைவெளி விட்டு, தனி சுவிட்ச் போட்டால் சரியாகும் என்கிறார்கள்.

தச்சர்: முதல் ரயிலுக்கு அது வேண்டாம் சார். வட்டமாகவே போகட்டும். சரி, மேஜை எங்கே நிற்கும்?

சார்: அந்த மூலையில், சுவரை ஒட்டி.

தச்சர்: ரயில் சுவர்ப் பக்கம் கவிழ்ந்தால் யார் எடுப்பது? கட்டிலுக்குக் குறுக்கே கையை நீட்டிப் பாருங்கள்.

(சார் கட்டிலில் குப்புறச் சாய்ந்து கையை நீட்டுகிறார். தச்சர் டேப் பிடிக்கிறார்.)

தச்சர்: இரண்டரை அடி. ரயில் நான்காவது அடியில் கவிழ்ந்து கிடக்கிறது. உங்கள் வயிறு திருச்சி ஜங்ஷன் மேல் கிடக்கிறது.

சார்: நடுவில் ஓட்டை போட்டு, கீழே தவழ்ந்து போய் எழுந்து நின்றால்?

தச்சர்: முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டது நீங்கள்தானே? மேஜைக் காலுக்குப் பிரேக் வைத்த சக்கரம் போடுகிறேன். வேண்டும்போது சுவரிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கூட்டவும் வசதி. ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு ரீப்பர் நிறுத்துகிறேன். இல்லையென்றால் புரள்கிற பெட்டி நேரே தரையில்தான் வந்து விழும்.

சார்: உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் தம்பி. நம் ஊர் அகல ரயில்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 சொச்சம் வருகிறது. கடையில் கிடைப்பது பதினாறரை. அது வெளிநாட்டு 1435-க்குப் போட்ட கணக்கு.

தச்சர்: மூன்று மில்லி. யார் பார்க்கப் போகிறார்கள்?

சார்: என்னோடு ரிட்டயர் ஆனவன் ஒவ்வொருத்தனும் பார்ப்பான். ஸ்கேலோடு வருவான்.

தச்சர்: வரட்டும், காபி கொடுத்து ஸ்கேலை வாங்கி வைத்துவிடலாம். இப்போது சொல்லுங்கள்: ரயில் சுற்றிக்கொண்டே இருந்தால் பத்தாம் நிமிஷம் சலிக்காதா?

சார்: அதற்குத்தான் சைடிங், மெயின் லைனிலிருந்து பிரிகிற கிளை லைன். (தரையிலேயே தடம் பிரிகிற ஒரு பாயிண்டும், லைன் முடிந்துபோகிற டெட் எண்டும் வரைகிறார்.) கூட்ஸ் வந்து ஒரு வாகனை இங்கே விட்டுவிட்டுப் போகும்.

(தச்சர் ஆணி டப்பாவை இன்ஜினாகவும் தீப்பெட்டியை வாகனாகவும் வைத்து நகர்த்துகிறார். டப்பா முன்னால், தீப்பெட்டி பின்னால். இரண்டும் சைடிங்குக்குள் நுழைந்து முட்டி நிற்கின்றன.)

தச்சர்: விட்டாச்சு. இன்ஜின் எப்படி வெளியே வரும்? வழியில் வாகன் நிற்கிறதே.

சார்: ...

தச்சர்: ஸ்கூட்டரை உள்ளே விட்டு, அதன் பின்னால் காரை நிறுத்தின மாதிரி.

சார்: இரு, இரு. பாயிண்டை எதிர்ப்பக்கம் திருப்பு! கூட்ஸ் தாண்டிப் போய் நிற்கட்டும். அப்புறம் ரிவர்ஸில் வாகனைத் தள்ளிவிட்டு, கழற்றிக்கொண்டு இன்ஜின் மட்டும் முன்னால் போகட்டும்.

(தச்சர் கையால் அழித்து வேறு பக்கமாக வரைகிறார். டப்பா தாண்டுகிறது, பின்வாங்குகிறது, தீப்பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுத் தனியே கிளம்புகிறது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.)

தச்சர்: சார், அந்த சைடிங்கில் யார் கடை இருக்கிறது?

சார்: சிமென்ட் குடோன் என்று நினைத்தேன்.

தச்சர்: மரக்கடை வையுங்கள். (தீப்பெட்டியைத் திறந்து குச்சிகளைச் சீராக அடுக்கி) பர்மா தேக்கு. ஒரு லோடு. பின்னால் சின்னதாக ஒரு பட்டறையும் போட்டுவிடலாம், வெளியே இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஆள் இழைக்கிற மாதிரி.

சார்: காதில் பென்சிலோடா?

தச்சர்: பென்சில் இல்லாமல் எப்படி சார்? இன்னொரு தடவை தள்ளுங்கள், மெதுவாக. நான் கீழே படுத்து வாட்டம் பார்க்கிறேன்.

(தச்சர் கன்னத்தைத் தரையில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். சாரும் முனகிக்கொண்டே எதிரில் படுக்கிறார். டப்பா வளைவில் திரும்புகிறது. கதவு தட்டப்படுகிறது.)

அம்மாவின் குரல்: கீல் மாட்டியாயிற்றா இல்லையா?

தச்சர்: (படுத்தபடியே) ஐந்து நிமிஷம் அம்மா. இன்னும் லைன் கிளியர் கிடைக்கவில்லை.