காலி அறை கொடுத்தவனுக்குக் கேபிள் கொடுக்க மனசில்லை

கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு ஹார்டு டிஸ்க் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம் என்று நினைத்துத்தான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். ஐந்து நாள் ஆனது. ஐந்து நாளும் பெண் வீட்டுக்காரர் போன் போட்டு, "தம்பி, மாப்பிள்ளை வீட்ல வீடியோ கேக்குறாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, முதல் நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம், நலங்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வைகாசி முடிவதற்குள் பெட்டியில் இருந்த 2 டிபி டிஸ்க் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது.

பெட்டி ஒன்றும் சாதாரணப் பெட்டி இல்லை. "ஒர்க்ஸ்டேஷன்" என்று பெயர் போட்டு, ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு கொடுத்தது. மூன்று ஹார்டு டிஸ்க் போடலாம் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். சரி, 4 டிபி டிஸ்க் ஒன்று ஆர்டர் போட்டேன். வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் டிஸ்க் மட்டும். கேபிள் கிடையாது, திருகு கிடையாது. போகட்டும், அது விற்கிற முறையே அப்படித்தான்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். டிஸ்க் உட்காருகிற அறை காலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறைக்குப் பவர் ஒயர் வரவில்லை! வெளியில் கடையில் அசெம்பிள் செய்த பெட்டி என்றால் பவர் சப்ளையிலிருந்து நாலைந்து சாட்டா முனையாவது (டிஸ்க்கில் செருகுகிற முனை) கொத்தாகத் தொங்கும். இவர்கள் பவர் சப்ளையிலிருந்து டிஸ்க்குக்கு ஒயரே இழுக்கவில்லை. மதர்போர்டில் தங்களுக்கென்று ஒரு குட்டி சாக்கெட் வைத்து, அதிலிருந்து ஒரே ஒரு ஒயர். அதற்கு இரண்டு முனை. ஒன்று பழைய டிஸ்க்கில், இன்னொன்று டிவிடி டிரைவில். டிவிடி யாருக்கு வேண்டும், அதைப் பிடுங்கி இதில் செருகலாம் என்று போனால், அது ஒல்லி டிரைவாம், அதன் முனையில் 6 பின்தான். டிஸ்க்குக்கு வேண்டியது 15. வீடு கட்டி, மூன்று படுக்கையறை என்று காசு வாங்கிவிட்டு, ஒரு அறைக்கு மட்டும் கரண்டு கொடுத்தால் அந்த மேஸ்திரியை ஊரில் சும்மா விடுவோமா?

எங்கள் ஊர்க் கடைக்காரர் மதர்போர்டைப் பார்த்ததுமே கைவிரித்துவிட்டார். "இது கம்பெனி ஐட்டம் சார், நம்மகிட்ட வராது." ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற ஒய் கேபிள் ஒன்றை நீட்டினார். முனை முழுக்க பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிய மலிவு ரகம். அந்த ரகத்துக்குள் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்த கதை நிறைய உண்டு. ஊரார் தாலி கட்டியதெல்லாம் இருக்கிற டிஸ்க்கில் அதைச் செருக நான் தயாராக இல்லை. சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருப் பக்கம் வேலை பார்க்கும் நண்பனிடம் சொல்லி, ஒயரை ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்த நல்ல கேபிளும் ஒரு டேட்டா கேபிளும் வாங்கிக் கூரியரில் அனுப்பச் சொன்னேன். இரண்டு நாள் அதில் போனது.

அப்புறம் திருகு. டெஸ்க்டாப்பில் போடும் 3.5 அங்குலப் பெரிய டிஸ்க்கில் இருப்பது 6-32 என்கிற அமெரிக்க அங்குல மரை. நம் கடைகளில் கைநிறைய அள்ளிக் கொடுப்பது எம்3. அது 3 மில்லிமீட்டர். ஓட்டைக்குள் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடும். அதிலும் இந்தப் பெட்டிக்குத் தலைக்குக் கீழே ரப்பர் வளையம் போட்ட தனித் திருகு நான்கு வேண்டும், அப்போதுதான் தண்டவாளத்தில் நழுவி உள்ளே உட்காரும். ஆன்லைனில் தேடினால் நான்கு திருகு, கூரியரோடு சேர்த்து நானூறு ரூபாய். நானூறு!

எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, விண்டோஸில் மட்டும் காணோம். விண்டோஸுக்கு முன்னால் வருகிற அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் அந்த சாட்டா போர்ட்டையே அணைத்து வைத்திருக்கிறார்கள். கேட்காத விளம்பர மென்பொருளை எல்லாம் நிறுவி அனுப்பத் தெரிகிறது, ஒரு போர்ட்டைத் திறந்து வைக்கத் தெரியவில்லை. திறந்த பிறகும் டிரைவ் எழுத்து வரவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போனால் "எம்பிஆரா, ஜிபிடியா?" என்று தேர்வு வைக்கிறது. டிஸ்க்கைப் பகுதி பிரிக்கிற பழைய முறை எம்பிஆர், புது முறை ஜிபிடி. விவரம் தெரியாமல் எம்பிஆர் கொடுத்திருந்தால் 2 டிபிக்கு மேல் இருப்பது அத்தனையும் வீண். ஜிபிடி கொடுத்து, ஃபார்மட் முடித்துப் பார்த்தால் 3.63 டிபி என்கிறது. விற்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இது பழைய வயிற்றெரிச்சல்தான், இருந்தாலும் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

"பேசாமல் யூஎஸ்பி டிஸ்க் வாங்கியிருக்கலாமே" என்று யாரும் வராதீர்கள். எடிட்டிங் டேபிளில் கை தட்டி, ஒயர் கழன்று, வீடியோ கோப்பு உருவாகிக்கொண்டிருக்கும்போதே, பாதி ரெண்டரில் ப்ராஜெக்ட் போன அனுபவம் எனக்கு உண்டு. அதற்காகத்தான் உள்ளே அறை இருக்கிற பெட்டியை வாங்கினேன். ஒரு லட்ச ரூபாய்ப் பெட்டியில் ஐம்பது ரூபாய் ஒயரில் மிச்சம் பிடிக்கிறவனை என்ன சொல்ல? தொழிற்சாலையில் இன்னொரு முனை சேர்க்க அதற்கும் குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

மூன்றாவது அறை இன்னும் காலி. ஆவணி முகூர்த்தம் வருகிறதே என்று நேற்று டார்ச் அடித்து அதற்கான டேட்டா போர்ட்டைத் தேடினேன். இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் அடியில், கேபிள் நுழைய இடமில்லாமல்.