கிளை நம்ம பக்கம் வந்தா மரத்தையே வெட்டலாமா?

மேல ஒருத்தர் "கிளை நம்ம பக்கம் வந்துட்டா மரத்தையே சாய்க்கலாம், விழுற பழமும் நமக்குத்தான்"னு போட்டிருக்காரு, தயவுசெஞ்சு இதை நம்பி யாரும் அரிவாளத் தூக்கிடாதீங்க. எல்லைக்கோட்டத் தாண்டி நம்ம பக்கம் நீட்டிட்டு இருக்கிற கிளைய, பக்கத்து வீட்டுக்காரர் இடத்துல கால் வைக்காம, கோடு வரைக்கும் வெட்டலாம், அவ்வளவுதான், 1894-ல இங்கிலாந்து பிரபுக்கள் சபை (அப்ப அங்க அதுதான் உச்ச நீதிமன்றம் மாதிரி) ஒரு வழக்குல சொன்னதும் இதையேதான். வெட்டின கிளை, அதுல இருக்கிற பழம் எல்லாம் அந்த இங்கிலாந்துச் சட்டப்படி மரத்துக்காரருக்குத்தான் சொந்தம். அடிமரமே கோட்டு மேல நின்னா அது பொதுவா ரெண்டு பேருக்கும் சொந்தம், ஒருத்தர் மட்டும் முடிவெடுக்க முடியாது.

வேர் விஷயத்துல இன்னும் கவனம் வேணும், அடிமரத்துக்குப் பக்கத்துல தடியான வேரை வெட்டிட்டீங்கன்னா இன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு பெருங்காத்து அடிச்சு மண்ணு ஈரமா இருக்கிறப்ப மரம் அப்படியே சாயும், அப்ப வெட்டினவர் மேலயும் கேஸ் வரலாம். மரத்துக்காரரும் தப்பிக்க முடியாது, அடியில காளான் முளைச்சிருக்கு, கிளை பட்டுப்போயிருக்குன்னு தெரிஞ்சும் விட்டா நஷ்டஈடு அவர் தலையிலதான். அதனால போட்டோவோட எழுத்துல சொல்லிவைங்க. வேலியும் அப்படித்தான், முதல்ல சர்வே பண்ணி கல்லு எங்க இருக்குன்னு பாருங்க, அப்புறம் கம்பி கட்டுங்க.