சனிக்கிழமை ராத்திரி வரும் லிஸ்ட்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு எங்கள் டீம் வாட்ஸ்அப் குரூப்பில் மறுநாள் ஆடப்போகும் பதினோரு பேர் லிஸ்ட் வரும். வேலூர் பாலாற்று மணலில் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுகிற கும்பலுக்கு லிஸ்ட் ஒன்றுதான் கேடா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். வாட்ஸ்அப் வருவதற்கு முன்னால் சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதுவோம். எதில் எழுதினாலும் இருபது வருஷமாக முதல் மூன்று பெயருக்குள் என் பெயர் இருக்கும், பக்கத்தில் ‘கீப்பர்’ என்று போட்டிருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பெயர் பன்னிரண்டாவதாக வந்தது. பக்கத்தில் ‘எக்ஸ்ட்ரா’.

எனக்கு 46 வயது. பெரிய இன்டர்நேஷனல் பிளேயர் என்கிற நினைப்பெல்லாம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி தோசை இறங்கவில்லை. மறுநாள் காலையில் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஐந்தரைக்கு எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு விருதம்பட்டு வழியாக ஆற்றுக்குள் இறங்கிவிட்டேன். 2021 நவம்பர் வெள்ளத்தில் பழைய பிட்ச்சை ஆறு அடித்துக்கொண்டு போன பிறகு, நாங்களே களிமண் கொட்டித் தண்ணீர் விட்டு மிதித்துப் போட்ட பிட்ச் அது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து, 19 வயதுப் பையன் ஒருவன் கீப்பிங் செய்வதை இரண்டு மணி நேரம் பார்த்தேன். நன்றாகத்தான் செய்தான். அதுதான் கடுப்பு.

மேட்ச் முடிந்து டீக்கடைக்கு வந்தால் வழக்கமான சண்டை. ரோகித்தும் கோலியும் 2027 உலகக் கோப்பை ஆட வேண்டுமா, வேண்டாமா.

“நாப்பது வயசு ஆவுதுணா அப்போ ரோகித்துக்கு. சவுத் ஆப்பிரிக்கா பிட்ச்சுல எப்டிணா நிப்பாரு?”

“சிட்னில நூத்தி இருவத்தொண்ணு அடிச்சாரே, அப்போ இன்னா சொன்ன நீ? ஸ்டேட்டஸ் வெச்ச இல்ல?”

அவன் ஸ்டேட்டஸ் வைத்தது உண்மை. நானும் பார்த்தேன். 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒருநாள் தொடரை நினைத்துப் பாருங்கள். பெர்த்தில் கோலி டக், அதாவது முட்டை, ரோகித் 8. உடனே ஆரம்பித்தார்கள்: கிழவர்களை வீட்டுக்கு அனுப்பு. அடிலெய்டில் கோலி மறுபடி டக். இரண்டே நாள் கழித்து சிட்னியில் ரோகித் 121 நாட் அவுட், கோலி 74 நாட் அவுட். பெர்த்தில் வண்டை வண்டையாகத் திட்டியவன் சிட்னிக்குப் பிறகு சூடம் கொளுத்தினான். ஒரே வாரம், ஒரே ஆட்கள், ஒரே வயது. அந்த ஒரு வாரத்தில் யாருக்கும் நரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வயது ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அது எங்கே வந்து உட்காரும் என்று எனக்குத் தெரியும். கண்ணில் இல்லை, காலிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. லெக் சைடு போகிற பந்து எனக்கு இன்றைக்கும் தெளிவாகத் தெரிகிறது. போக வேண்டும் என்று மனசு சொல்கிறது. கால் போகிறது. கை மூடுகிறது. மூடின பிறகு பார்த்தால் பந்து பின்னால் பவுண்டரிக்கு ஓடிக்கொண்டிருக்கும். கையுறைக்குள் வெறும் காற்று. முன்பெல்லாம் ‘டப்’ என்று விழுகிற சத்தம் கேட்டுத்தான் பிடித்ததே எனக்குத் தெரியும். அரை நொடி கூட இல்லை, அதற்கும் குறைவான இடைவெளி. அதை முதலில் கண்டுபிடிப்பவன் பௌலர், அப்புறம் ஸ்லிப்பில் நிற்பவன், அப்புறம் டீக்கடைக்காரர். கடைசியில்தான் சம்பந்தப்பட்ட ஆள். 2024 கடைசியில் ஆஸ்திரேலியாவில் ரோகித் மூன்று டெஸ்ட்டில் மொத்தமாக 31 ரன் எடுத்தபோதும், பெர்த்தில் நூறு அடித்த கோலி அதற்கப்புறம் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் தொட்டுத் தொட்டு அவுட் ஆனபோதும், எனக்கு அந்தக் காற்றடைத்த கையுறைதான் ஞாபகம் வந்தது. சிட்னி டெஸ்ட்டில் ரோகித் தானாகவே உட்கார்ந்துகொண்டார். 2025 மே மாதம் 7ஆம் தேதி அவர், 12ஆம் தேதி கோலி. இரண்டு பேரும் போனில் ஒரு பதிவு போட்டு டெஸ்ட்டை முடித்துக்கொண்டார்கள். கோலிக்கு 123 டெஸ்ட், 9230 ரன். கடைசியாக வெள்ளைச் சட்டையில் இறங்குகிறார் என்று தெரிந்து எழுந்து நின்று கைதட்ட ஒருவனுக்கும் வாய்ப்பு இல்லை.

சரி, இது இவர்களோடு ஆரம்பித்ததும் இல்லை.

2008 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, காட்பாடியில் விடியற்காலை ரயில் பிடித்து சேப்பாக்கம் போனேன். தென்னாப்பிரிக்காவோடு டெஸ்ட், மூன்றாவது நாள். காலையில் சேவாக் 52. சாயங்காலம் ஸ்டம்ப்ஸ் எடுக்கும்போது 309. ஒரே நாளில் ஒரே ஆள் 257 ரன். ஸ்டெயின், நிட்டினி, மார்கல் எல்லாரும் போட்டுப் பார்த்தார்கள். சிமெண்ட் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் வெந்துபோனது கூடத் தெரியவில்லை. என் பக்கத்தில் வயதான மாமா ஒருவர், சில்வர் டப்பாவில் கொண்டுவந்த தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தார். ஓவருக்கு ஓவர் “இந்த ஓவர் முடியட்டும், இந்த ஓவர் முடியட்டும்” என்றார். டீ இடைவேளையில்தான் வாயில் வைத்தார்.

அதே சேப்பாக்கத்தில் 2013 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவோடு ஆடியபோது சேவாக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினார். வயது 34தான். ரன் வரவில்லை. ஐதராபாத் டெஸ்ட்டோடு எடுத்துவிட்டார்கள். அவர் ஓய்வை அறிவித்தது 2015 அக்டோபரில், தன்னுடைய 37ஆவது பிறந்தநாளில். நடுவில் இரண்டரை வருஷம். நீ முடிந்துவிட்டாய் என்று யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இரண்டரை வருஷம் ஆகியிருக்குமா? ஒரு நாளைக்கு 257 அடித்தவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அதைச் சொல்ல ஆள் இல்லை.

என் கட்சி இதுதான். யாரை எடுக்கலாம், யாரை விடலாம் என்பதில் தேர்வுக்குழு தப்பு செய்யும், சரியும் செய்யும், அது அவர்கள் வேலை. நாற்பது வயதில் ஆடுகிறவனும் இருக்கிறான், முப்பத்திரண்டில் தீர்ந்துபோகிறவனும் இருக்கிறான். டிராவிட் 38 வயதில், 2011 இங்கிலாந்து தொடரில் மற்றவர்கள் எல்லாம் சரிந்துகொண்டிருக்கும்போது மூன்று சதம் அடித்தார். வயது வரம்பு வைத்திருந்தால் அந்த மூன்றும் இல்லை. ஆனால் விடுகிறவனிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு விடு. அது மட்டும்தான் நான் கேட்பது. 2025இல் டீமில் எடுக்காமல் விட்ட வேகப்பந்து வீச்சாளர் ஷமி விஷயத்தில் என்ன நடந்தது? ரஞ்சி ஆடுகிறேனே, ஃபிட்டாகத்தானே இருக்கிறேன் என்று அவர் ஒரு மைக்கில் சொல்ல, தலைமைத் தேர்வாளர் அகர்கர் இன்னொரு மைக்கில் பதில் சொன்னார். இரண்டு பேர் கையிலும் போன் இருக்கிறது. பங்காளிச் சண்டையில் குழந்தையை விட்டு “உங்க பெரியப்பாகிட்ட சொல்லு” என்பார்களே, அந்தக் கதை.

ஆனால் ரோகித்திடமிருந்து ஒருநாள் கேப்டன் பதவியை எடுத்து கில்லிடம் கொடுத்தபோது, ரோகித்திடம் சொல்லிவிட்டோம் என்றார் அதே அகர்கர். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை ஒரு வாரம் திட்டாமல் இருந்தேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரசிகர்கள் நாம் அதைப் பேசுவதே கிடையாது. ஒரு பெரிய பெயர் ஆறு மாதம் கூடுதலாக உட்கார்ந்தால், அந்த ஆறு மாதம் யாரோ ஒருவனுடைய பாக்கெட்டிலிருந்து போகிறது. கபில்தேவ் ஹாட்லியின் உலக சாதனையான 431 விக்கெட்டைத் தாண்டுவதற்காக நாடே காத்திருந்ததே, 1994 பிப்ரவரியில் அகமதாபாத்தில் அது நடந்தபோது நானும் கைதட்டினேன், பள்ளிக்கூடத்துப் பையன். அந்த வருஷங்களில் இளம் வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீநாத், ஓடிவந்து போட வேண்டிய வயதில், உள்ளூர் டெஸ்ட்களில் பெஞ்சில் இருந்தார் என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் உறைத்தது. நம்ம பத்ரிநாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்காக வருஷக்கணக்கில் ரன் குவித்துவிட்டு 29 வயதில், 2010 நாக்பூரில் முதல் டெஸ்ட். டீமே சுருண்ட மேட்ச்சில் 56 எடுத்தார். அடுத்த டெஸ்ட்டோடு கதை முடிந்தது. மொத்தம் இரண்டு. டிராவிட், சச்சின், லட்சுமண் இருக்கும் வீட்டில் கடைசித் தம்பியாகப் பிறந்துவிட்டார், வேறென்ன சொல்ல.

இவ்வளவு நியாயம் பேசுகிறேனே, அஷ்வின் என்று வந்தால் எல்லாம் காற்றில் போய்விடும். 2024 செப்டம்பரில், 38 முடிந்து இரண்டாவது நாள், சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக நூறு அடித்தார். அதே மேட்ச்சில் ஆறு விக்கெட்டும் எடுத்தார். சரியாக மூன்றே மாதம். பெர்த்தில் வாஷிங்டன் சுந்தரை எடுத்தார்கள், பிரிஸ்பேனில் ஜடேஜாவை எடுத்தார்கள், டிசம்பர் 18ஆம் தேதி தொடருக்கு நடுவிலேயே அஷ்வின் 537 விக்கெட்டோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு நான் பேசின பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். தமிழன் என்பதால்தானே என்று ஆரம்பித்துவிட்டேன். டீம் பையன் ஒருவன்தான் அடக்கினான்: “அண்ணா, அவருக்கு பதிலா ஆடுனவரு யாருணா? வாஷிங்டன் இன்னா ஜப்பான்காரனா?” பதில் இல்லை. தோனி விஷயத்திலும் அப்படித்தான். 2025 மார்ச்சில் பெங்களூருவோடு சேப்பாக்கத்தில், 43 வயதில், ஒன்பதாவது ஆளாக இறங்கி, தோற்றுவிட்ட மேட்ச்சின் கடைசி ஓவரில் சிக்ஸர் அடித்தார். 50 ரன்னில் தோல்வி. வீட்டு சோபாவில் உட்கார்ந்து நான் விசில் அடித்தேன். ரோகித்துக்கு ஒரு நியாயம், நம்ம ஆளுக்கு ஒரு நியாயம். ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்த லிஸ்ட்டுக்கு வருகிறேன். என் பெயர் இல்லை என்பதைவிட, அதை லிஸ்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பதுதான் எனக்கு வலித்தது. கேப்டன் பையன் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறான். ஒரு வார்த்தை. டீக்கடையில் அதைக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தபோதுதான் இன்னொரு லிஸ்ட் ஞாபகம் வந்தது. சிகரெட் அட்டை லிஸ்ட். அதை எழுதியவன் நான்.

அப்போது நான் கேப்டன். எங்களுக்கு ஓப்பனிங் பௌலிங் போடுகிற அண்ணன் ஒருவர், கொசப்பேட்டையில் தையல் கடை. நாற்பதைத் தாண்டியிருப்பார். வேகம் போய்விட்டது, பந்து பிட்ச் ஆகி உட்கார்ந்து யோசித்துவிட்டு எழுந்து வரும். மே மாதம், பெட் மேட்ச், ஜெயித்தே ஆக வேண்டும். அவர் பெயரை எழுதவில்லை. சொல்ல வாய் வரவில்லை, அதனால் சொல்லவும் இல்லை. காலையில் சைக்கிளில் வந்தார். நீலம் போட்டு மடித்த வெள்ளை பேண்ட், கத்தி மாதிரி மடிப்பு, தானே தைத்தது. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னாலிருந்து அட்டையை எட்டிப் பார்த்தார். நான் நிமிரவில்லை. நகத்தால் அட்டை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

“சர்ரா தம்பி. நான் அம்பயர் நிக்கிறேன்” என்றார்.

இரண்டு இன்னிங்ஸும் நின்றார், வேலூர் மே மாத வெயிலில், ஆற்று மணல் சூட்டில். எங்களுக்கு எதிராக ஒரு வைடு கூடக் கொடுத்தார். அது வைடுதான். நாங்கள் ஜெயித்தோம். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. ஒரு தடவை லாங் பஜாரில் பார்த்தபோது “டீம் எப்டி கீது?” என்று கேட்டார். நல்லா கீதுணா என்றேன். அவ்வளவுதான்.

அதனால் கேப்டன் பையனிடம் சண்டை போடவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு, “எடுக்கறது விடறது உன் இஷ்டம். லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி போன் பண்ணிடு” என்று மட்டும் சொன்னேன். முகம் செத்துப்போனது அவனுக்கு. “பயமா இருந்துச்சுணா” என்றான்.

போன சனிக்கிழமை எட்டரைக்கே போன் வந்தது. “அண்ணா, நாளைக்கும் நீங்க இல்லணா. தம்பிதான் கீப்பிங்.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “அம்பயருக்கு ஆள் இல்லணா. வரீங்களா?”

சரி என்றேன். தொப்பியைத் தேடி எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.