குறைவது மேற்பார்வைதான்

முந்தாநாள் அந்தக் கமென்டைப் படித்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை. ஸ்கிரீன்ஷாட் பார்க்காதவர்களுக்காக அதை இங்கே தருகிறேன். "பயிற்சி செய்யச் செய்ய மூளையின் செயல்பாடு குறைகிறது என்று ஸ்கேனே காட்டுகிறது. கவனமெல்லாம் பிறவியில் வருவது. இந்த வயசில் எதற்கு வீண் முயற்சி?" ஐம்பது வயதில் கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொள்ளும் ஒரு அக்காவிடம் சொன்ன வார்த்தைகள் இவை. அதற்கு ஹார்ட் வேறு போட்டிருக்கிறார்கள்.

ஐயா, ஸ்கேனில் குறைவது உண்மைதான். எது குறைகிறது என்று பார்க்க வேண்டாமா? வேலை புதிதாக இருக்கும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிகளும் உச்சிக்குப் பின்புறம் இருக்கும் பகுதிகளும் கைகோத்து ஒவ்வொரு அடியையும் பிடித்து நடத்துகின்றன. பழகிய பிறகு அவை மெல்ல ஒதுங்கிக்கொள்கின்றன. குறைவது மேற்பார்வை. வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, முன்னைவிட வேகமாக.

1977இல் உளவியலாளர்கள் ஷ்னைடரும் ஷிஃப்ரினும் எழுத்துகளைத் தேடும் சோதனைகளில் இதைக் காட்டினார்கள். தேட வேண்டிய எழுத்துகள் மாறாமல் இருந்தால், பழகப் பழகத் தேடல் தானாக நடக்கும். நேற்று தேடிய எழுத்தை இன்று ஒதுக்கச் சொன்னால், எவ்வளவு பழகினாலும் கவனம் செலவாகிக்கொண்டே இருக்கும். அதே ஷ்னைடர் 2005இல் இன்னொருவரோடு சேர்ந்து பல ஸ்கேன் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பயிற்சிக்குப் பின் ஓய்ந்தது முன்னே சொன்ன பகுதிகள் சேர்ந்த கட்டுப்பாட்டு வலையமைப்புதான். மறுபடியும் சொல்கிறேன், குறைவது மேற்பார்வை.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது. இடது கையால் எழுதப் பழகினார். 'அ' போடும்போது நாக்கைப் பல்லில் கடித்துக்கொள்வார், மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் யாராவது பேசினால் பேனா நின்றுவிடும். நாலு மாதம் கழித்து, வரவு செலவை எழுதிக்கொண்டே, நிமிராமல், "ஃபேனை அணைக்காமல் போகிறாயே" என்று என்னைத் திட்டினார். அந்தத் திட்டில் நான் அழுதுவிட்டேன்.

"அப்படியென்றால் மூளைப் பயிற்சி ஆப் எல்லாம் சரியா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. 2010இல் 11,430 பேரை ஆறு வாரம் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். பழகிய விளையாட்டில் தேறினார்கள், மற்றவற்றுக்கு அது பரவவில்லை. எதைப் பழகுகிறோமோ அதுதான் வரும். கீபோர்டு பழகினால் கீபோர்டு வரும். அந்த அக்கா கேட்டதும் அவ்வளவுதானே?

"எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது." சரி, வராது. அதற்காக ஒருவரை எழுந்து போகச் சொல்வீர்களா? பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்க மூன்று மாதம் பழகியவர்களின் மூளையில் சாம்பல் நிறப் பகுதி சில இடங்களில் பெருத்ததை 2004இல் படம் பிடித்தார்கள். பயிற்சியை விட்டதும் அது திரும்பச் சுருங்கத் தொடங்கியது. விட்டால் போய்விடும். விடச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

அம்மாவிடமும் ஒருவர் வந்து சொன்னார், "கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தால் போகிறது" என்று. அன்று ராத்திரி அம்மா நோட்டை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. எந்த ஸ்கேனும் வேண்டாம், அந்த இரண்டு நாள் எனக்குத் தெரியும்.

அக்கா, இடது கை தடுமாறுகிறது, யாராவது கூப்பிட்டால் விட்டுப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் பேனாவும் அப்படித்தான் நின்றது. எந்த இடத்தில் விட்டீர்களோ அங்கிருந்தே இன்றைக்கு எடுங்கள்.