ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் வான் பிடிப்பதற்கே தட்டுப்பாடு. காலையில் கீரிமலை, அப்படியே நிலாவரை, மத்தியானம் கோட்டை, பின்னேரம் காரைநகர் கசூரினா. இடையில் எங்காவது மரநிழலில் சோற்றுப் பார்சல். எல்லாம் பார்த்தாயிற்று என்று பெரியவர்கள் திருப்தியோடு வீடு திரும்புவார்கள். பிள்ளைகளோ பாதி வழியிலேயே நித்திரை. பிள்ளைகளோடு போவதென்றால் ஒரு நாளைக்கு ஓர் இடத்துக்கு மேல் வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

நிலாவரையையே பாருங்கள். அடியில்லாக் கிணறு என்று சொல்லி, எட்டிப் பார்க்க வைத்து, படம் எடுத்துக்கொண்டு ஓடிவருகிறோம். இராமர் அம்பு எய்து தண்ணீர் வரவழைத்த கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறே இல்லாத குடாநாட்டில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, கல்லைக் கரைத்து, உள்ளே வழிகளும் குகைகளும் உண்டாக்கியிருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. அதனால் கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் அது நிற்கிறது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். தோட்டங்களில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும் என்று சொன்னதும், "அப்ப எங்கட கிணறும் உப்பாகுமா அப்பா?" என்று என் சின்னவள் கேட்டாள். தரம் 5 புலமைப்பரிசிலுக்காக அவள் மனப்பாடம் செய்கிற எந்தப் பயிற்சித்தாளிலும் அந்தக் கேள்வி இல்லை.

கோட்டைக்கு வெயில் தாழ்ந்தபிறகு போங்கள். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கியது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது எல்லாவற்றையும் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். அங்கே போய்ச் செய்யவேண்டியது சுவரைத் தொடுவது. முருகைக்கற்கள் தெரியும் இடத்தில் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால், பவள உயிர்கள் வாழ்ந்த சின்னச் சின்னக் கண்ணறைகள் வரிசை வரிசையாகத் தெரியும். சின்னவள் ஒரு கல்லில் அவற்றை விரல் நுனியால் எண்ணத் தொடங்கினாள். நாங்கள் கச்சான் சுருளை முடித்த பிறகும் அந்தக் கல்லை விட்டு அவள் நகரவில்லை. வான் பிடித்து வந்திருந்தால் சாரதி இதற்குள் ஹோர்ன் அடித்திருப்பார்.

அடுத்தது காலம். நம்மவர்கள் ஊர் பார்க்கப் புறப்படுவது ஓகஸ்டில். நல்லூர்த் திருவிழா, வெளிநாட்டு உறவுகள், எல்லாம் சரிதான். ஆனால் அது தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் காலம். நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். தரவைப் புல்வெளிகள் காய்ந்து கிடக்கும். வலசைப் பறவைகளும் இருக்காது. மாரி ஓய்ந்த தை, மாசியில் போய்ப் பாருங்கள். கடல்நீரேரியில் பூநாரைகள் நிற்கும், வெயிலும் பொறுக்கும். விடியற்காலையில் ஒரு தொலைநோக்கியோடு பறவைகள் கூடும் சுண்டிக்குளம் போனால் அந்த நாளுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ரியூசன் இருக்கிறதே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது.

நெடுந்தீவு சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்றது. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். சத்தி எடுக்கிற பிள்ளைக்கு வெறுவயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்குதுறையிலேயே விசாரித்துவிடுங்கள். காட்டுக்குதிரைகளைத் தேடி அலைவதிலேயே நாளைக் கரைக்காமல், முருகைக்கல் வேலிகளின் ஓரமாக நடத்திக் கூட்டிப்போங்கள். கோட்டையில் பார்த்த அதே கல் என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தண்ணீர், தொப்பி, மாற்றுடுப்பு பற்றித் தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலசலகூடம்தான் பெரும்பாடு. நாங்கள் போன ஓரிடத்தில் வாசலில் பளபளவென்று புதிய பெயர்ப்பலகை, படம் எடுக்க வர்ணம் பூசிய மேடை, பின்பக்கம் மலசலகூடத்தில் பூட்டு. திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டினார். பெண்பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் அரைநாளோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. சுற்றுலா அபிவிருத்தி பற்றிக் கூட்டம் போடுகிற பெரியவர்களே, அந்தப் பூட்டைத் திறக்க வெளிநாட்டு நிதியுதவி எதுவும் தேவைப்படாது.