டைம் அவுட்டை வீட்டுக்கா கொண்டுபோகப் போகிறீர்கள், சேர்?

சனிக்கிழமை கொழும்பு சுகததாச உள்ளரங்கில் நம் அணி தோற்ற கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நம் அணிப் பெடியன் தவறவிட்ட கடைசி ஷொட்டை மட்டும் வெட்டியெடுத்து, சிரிப்பு முகங்களோடு ஊர் முழுக்கப் பகிர்கிறீர்களே, அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நாம் தோற்றது அவனால் இல்லை. கோச்சால்.

ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒன்பது புள்ளி முன்னால் நின்றோம். அதுவரை பிக் அண்ட் ரோல் (ஒருவன் ஸ்கிரீன் வைத்து, அதாவது பந்துக்காரனை மறிக்கிறவனின் வழியில் குறுக்கே நின்று, பிறகு கூடைப் பக்கம் ஓடுவது) நன்றாகத்தான் ஓடியது, மறுக்கவில்லை. அப்புறம் எதிரணி மாறியது. கூடைக்குக் கிட்ட ஆடுகிற நம் சென்டர் ஸ்கிரீன் வைக்க மேலே வந்த உடனேயே இரண்டு பேர் பந்துக்காரன் மேல் பாய்ந்தார்கள். ஸ்கிரீன் வைக்கப் போகிறவன் தன்னை மறிக்கிறவனையும் கூட்டிக்கொண்டுதானே போகிறான்! அந்த இரண்டாவது ஆளை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததே நாம்தான். ஒருவன் மேல் இருவர் என்றால் மிச்சத்தில் நம் நால்வருக்கு அவர்கள் மூவர். ஃப்ரீ த்ரோ கோட்டில் ஒருவனை நிறுத்திப் பந்தைக் கொடுத்தால் போதும். கோனரில் ஒருவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தனியாக நின்றது மேல் வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. கோச் என்ன கத்தினார்? "ஸ்கிரீன்! ஸ்கிரீன்!" மறுபடியும் ஸ்கிரீன், மறுபடியும் இருவர், எறிவதற்குள்ள 24 விநாடி முடியும் நேரம் யாரோ கண்ணை மூடிக்கொண்டு எறிவது. ஐந்து நிமிடமும் இதேதான்.

ஆட்டத்தை நிறுத்திப் பெடியன்களோடு கதைக்க ஒரு டைம் அவுட்டாவது எடுத்தாரா? இரண்டாம் பாதிக்கு மூன்று இருக்கிறது. கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது, சேர்த்து வைத்தால் ஒன்று தானாகவே போய்விடும். நம்மவர் மூன்றையும் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அவர்களின் கடைசிக் கூடை விழும்போது ஆறு விநாடி மிச்சம். அப்போது ஒன்று எடுத்திருந்தால் பந்தை முன் பாதியில் இருந்தே தொடங்கியிருக்கலாம், சர்வதேச கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியே இடம் தருகிறது. எடுக்கவில்லை. பெடியன் முழு மைதானமும் ஓடி, இரண்டு பேருக்கு மேலால் எறிந்தான். அதைத்தான் நீங்கள் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

"2018 இல் ஹியூஸ்டனும் ஏழாவது ஆட்டத்தில் தொடர்ந்து 27 மூன்று புள்ளி எறிதல்களைத் தவறவிட்டது, டி'அன்டோனி என்ன முட்டாளா" என்று, அமெரிக்க என்பிஏ அணியையும் அதன் கோச்சையும் இழுத்து, ஒரு அண்ணை கேட்டிருக்கிறார். அண்ணை, அவர்கள் அந்த முறையில் அந்தப் பருவத்தில் 65 ஆட்டம் வென்றவர்கள், அவர்களின் முக்கிய ஆட்டக்காரர் கிறிஸ் போல் காயத்தோடு வெளியே இருந்தார். அப்படியும் பாதி ஆட்டத்தில் 11 புள்ளி முன்னால் நின்று 101-92 என்று தோற்றார்கள். ஓடாததை மாற்றாமல் விட்டால் முன்னால் நின்றவனும் தோற்பான் என்று, நீங்கள் சொன்ன உதாரணம் எனக்குத்தான் சாட்சி சொல்கிறது.

"கரையில் இருந்து கதைப்பது சுலபம்." சரி. நான் கரையில் எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு டைம் அவுட்டில், "சேர், அவங்கள் சோனுக்கு மாறிட்டாங்கள்" என்றேன், ஆளுக்கு ஆள் மறிப்பதை விட்டு ஆளுக்கொரு இடத்தைக் காக்கிறார்கள் என்று. "நீ கோச்சா, நான் கோச்சா?" என்றார் அந்தக் காலத்து சேர். மிச்ச ஆட்டம் பெஞ்ச். அடுத்த ஆட்டத்தில் இருந்து தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது என் பொறுப்பு. சோனை உடைக்க அவர் கடைசிவரை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் எனக்கு மரியாதை தெரியவில்லை என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்ல மட்டும் நேரம் இருந்தது. சனிக்கிழமை கோனரில் நின்றவனும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பான்? நம் ஆட்களிடம் சேர் என்றால் சேர்தான், விக்கிரகம் மாதிரி, அபிஷேகம் செய்யலாம், கேள்வி கேட்கக் கூடாது.

"காசு வாங்காமல் பழக்குகிற மனுஷன்" என்கிறார்கள். நல்ல மனுஷன்தான். அதற்காக?

அந்த நல்ல மனுஷன்தான் ஆட்டம் முடிந்து வாசலில் வைத்து, பிள்ளையின் அம்மாவும் நிற்கும்போதே, "பெடியன் பயந்திட்டான், நான் என்ன செய்ய" என்று சொன்னார். பயந்தது பதினேழு வயதுப் பெடியனா, கையில் மூன்று டைம் அவுட்டை வைத்துக்கொண்டு அதைக் கேட்கிற மேசைப் பக்கமே போகாதவரா? தோல்வி எனக்குப் பழகிப்போனது. அந்தப் பேச்சுத்தான் இன்னும் உறுத்துகிறது.

இனி இன்பொக்ஸில் வந்து, "அண்ணை, சேர் மனம் நொந்துபோய் இருக்கிறார், பதிவைத் தூக்குங்கோ" என்று யாரும் கேட்க வேண்டாம். தூக்க மாட்டேன். அந்தப் பெடியனிடம் போய் யாராவது கேட்டீர்களா, அவனுக்கு எப்படி இருக்கிறது என்று?