எண்ணிக்கை குறைவு என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமல்ல

"மழை பெய்த நாளில் மகரந்த எண்ணிக்கை குறைந்துவிடும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்ஹேலரே தேவைப்படாது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதியை நம்பி யாரும் மருந்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், தயவுசெய்து.

மகரந்த எண்ணிக்கை என்பது காற்றில் மிதக்கும் பூந்தூளின் அளவு. அதை அளக்க மொட்டைமாடியில் வைத்த கருவி நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும். பசை நாடாவில் ஒட்டிய மகரந்த மணிகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். ஆனால் ஒவ்வாமையைத் தூண்டுவது மணிக்குள் இருக்கும் புரதம். புல் மகரந்தம் ஈரத்தில் ஊறி வெடித்தால் ஒரே மணியிலிருந்து நூற்றுக்கணக்கான நுண்துகள்கள் சிதறும். முழு மணி பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். இந்தத் தூளோ நுரையீரல் வரை இறங்கும். எண்ணுபவர் கண்ணில் அது மகரந்தமாகவே படாது. இப்படித்தான் 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இடிமழையோடு ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள்.

இடமும் முக்கியம். வேளச்சேரியில் எங்கள் சன்னலை ஒட்டிய காலி மனையில் பார்த்தீனியம் என்ற ஒவ்வாமை தரும் களைச்செடி இடுப்பளவு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. அந்தச் சன்னலோரம் படுக்கும் என் மகள் சுவாசிப்பதை, எங்கோ ஒரு மாடியில் எடுத்த நகரச் சராசரி சொல்லிவிடாது. மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன மருந்தை மழை நாளிலும் அவளுக்குக் கொடுக்கிறேன்.